பழைய லேப்டாப்புக்கு இன்னும் ஆயுள் உண்டு

மெதுவாகிவிட்டது என்று யார் லேப்டாப்பைக் கொண்டுவந்தாலும், உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்றுதான் முதலில் பார்ப்பேன். லேப்டாப் ஹார்டு டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்பவை. படிக்கும் முனை ஒவ்வொரு கோப்புக்கும் இடம் தேடி நகர வேண்டும். தாமதம் அங்கேதான். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் அதைப் போட்டு, ரேமையும் 8 ஜிபி ஆக்கினால், 2015 வாக்கில் வாங்கிய இயந்திரத்திலும் பிள்ளைகள் பாடம் படிக்கலாம், கடைக்கணக்கு எழுதலாம்.

ஆனால் 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். நன்றாக ஓடுகிற இயந்திரம் ஒரு விதியால் குப்பைக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிப்பட்டவற்றில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். இலவசம், தமிழிலும் தட்டச்சு செய்யலாம்.

ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்வது இன்னொரு அநியாயம். 2012-இல் வந்த ரெட்டினா மேக்புக் புரோவிலேயே அப்படித்தான். இன்று மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் அதுவே வழக்கம். பிறகு கூட்ட வழியில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் மெல்லிய உருவத்தைப் பார்த்து மயங்காமல், ரேம் ஸ்லாட் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.