மோகனம் பாடிய மெஷின்!

குட்டீஸ்... ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் நாதஸ்வரம் கேட்டிருப்பீர்கள். ராஜபாளையம் கல்யாண வீடுகளில் கீ-போர்டு கச்சேரியும் கேட்டிருப்பீர்கள். நாதஸ்வரத்தில் வரும் ராகத்தை, தாளம் உட்பட மெஷினிலேயே வாசித்தால் எப்படி இருக்கும்?

வாசித்துக் காட்டினார், மும்பை இசைக் கலைஞர் சரண்ஜித் சிங். 1940ல் பிறந்த இவர், இந்திப் படப் பாடல்களுக்கு கிடார், கீ-போர்டு வாசித்தவர். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி தயாரித்த மூன்று மின்னணுக் கருவிகளை வாங்கினார். ஒன்று, தாளம் போடும். இன்னொன்று, பேஸ் கிடார் போல ஒலிக்கும். மூன்றாவதில் ராகம் வாசிக்கலாம். மூன்றையும் இணைத்து, 1982ல் பத்து ராகங்களை இசைத்தட்டாக வெளியிட்டார். அதிலுள்ள பூபாளி, நம்ம ஊர் மோகனம். மால்கவுன்ஸ், நம்ம ஹிந்தோளம்!

ஆனால், இசைத்தட்டு விற்கவில்லை. எல்லாரும் மறந்தே போயினர்.

1987ல் அமெரிக்காவின் சிகாகோ நகர இளைஞர்கள், அதே பேஸ் கருவியில், 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசையை வெளியிட்டனர், உலகமே ஆடியது!

2002ல், நெதர்லாந்துக்காரர் ஒருவர், டில்லியில் அந்தப் பழைய இசைத்தட்டைக் கண்டெடுத்தார். 2010ல் அது மறுபடி வெளியானது. 'சிகாகோவுக்கு ஐந்தாண்டு முன்பே இப்படி ஒரு இசையா!' என, கேட்டவர்கள் அசந்து போயினர். எழுபது வயதைத் தாண்டிய சரண்ஜித் சிங்கை, ஐரோப்பிய மேடைகள் அழைத்தன. 2015ல் அவர் மறைந்தார்.

புதிதாக ஒன்று செய்து, யாருமே கவனிக்கவில்லையா? சோர்ந்து விடாதீர்கள் குட்டீஸ்... கைதட்டல் சில சமயம் லேட்டாகத்தான் வரும்!