ஒரே மென்பொருள், பல தோட்டங்கள்

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களின் லயங்களில் கூரையும் நடுச்சுவரும் எல்லா வீட்டுக்கும் பொது. அடுப்படியையும் முன்வாசலையும் அவரவர் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்கிறார்கள். நான் கற்கும் மென்பொருள் பொறியியலிலும் இப்படி ஒரு பாடம் உண்டு. ஒரே அடித்தளத்தில் எழும் பல மென்பொருள்களை ஒரு குடும்பம் என்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு எது பொது, எது இடத்துக்கு இடம் மாறும் என்று முதலிலேயே பிரித்து எழுத வேண்டும். இக்கருத்தை 1976 இல் டேவிட் பார்னாஸ் விளக்கினார். 1990 இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கியோ காங் குழுவினர் இதனைக் கிளைவிடும் மரம்போல வரைந்து காட்டும் முறையை வெளியிட்டனர்.

தோட்டச் சம்பளக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 1992 இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கம்பனிகள் பலவானாலும் சட்டம் ஒன்றே. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி குறைந்தது 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம் செலுத்த வேண்டும். எந்தத் தோட்டமும் விலக முடியாத இவை கட்டாய அம்சங்கள்.

ஒரு பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்பது அப்படியல்ல. அது தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். றப்பர் தோட்டமென்றால் கொழுந்துக்குப் பதில் பாலை அளப்பார்கள். இவை மாறும் அம்சங்கள். சில அம்சங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. மேலதிகக் கிலோவுக்குப் பணம் என்று தெரிவு செய்தால், ஒவ்வொரு நிறுவையையும் பதியும் பகுதியும் இருந்தே ஆக வேண்டும்.

இந்தப் பிரிப்புப் பிழைத்தால் யாருக்கு நட்டம்? 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்சம்பளம், 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா படியுமாக, 1000 ரூபாவானது. தோட்டத்துக்கொரு பிரதியாக மென்பொருளை எழுதி, ஒவ்வொன்றிலும் பழைய தொகையைப் புதைத்து வைத்திருந்தால், திருத்த மறந்த ஒரு பிரதி ஒரு தோட்டத்தின் சம்பளத்தையே குறைத்துவிடும். பொது இடத்தில் ஒருமுறை வைத்திருந்தால் ஒரே திருத்தம் போதும். மாறாக, கிலோ அளவைப் பொதுவாக்கிவிட்டால், செங்குத்தான மலையில் வயதான தேயிலையில் கொழுந்து பறிப்பவருக்கு அரைப்பேர்தான் விழும். மாற வேண்டியதைப் பூட்டுவதும் பிழை. பூட்ட வேண்டியதைத் திறந்துவிடுவதும் பிழை.

சம்பளச் சீட்டு தமிழில் வருவது எதில் சேரும்? விரும்பினால் சேர்க்கலாம் என்று விடுவது எளிது. கட்டாயப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பேன். தன் கூலியின் கணக்கைத் தானே வாசித்துப் பார்க்க முடியாதவர், குறைந்தாலும் கேட்க மாட்டார்.

பேர், அரைப்பேர் என்றால் என்னவென்று கொழும்பில் மென்பொருள் எழுதுபவருக்குத் தெரியாமலிருக்கலாம். மலையகத்தில் வளர்ந்த நமக்குத் தெரியும். உழைத்தவரின் கூலியில் குறைவைக்கக் கூடாதென்று கற்பிக்கும் மார்க்கம் நம்முடையது. சகோதரிகளே, இத்துறைக்கு வாருங்கள். பெற்றோரே, அவர்களை அனுப்பி வையுங்கள். அந்தப் பட்டியல் எழுதப்படும் மேசையில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும்.