மோட்டார் ஓட்டப் பழகுவோரும் அருகில் அமர்வோரும்

மோட்டார் வண்டி ஓட்டுவது கைகளும் கால்களும் கற்க வேண்டிய வித்தை என்றே பலரும் கருதுகின்றனர். ஸ்டியரிங்கைத் திருப்பவும், கிளச்சை மிதித்துக் கியர் மாற்றவும், பிரேக்கை அளவறிந்து அழுத்தவும் சில வாரங்களில் எவரும் பழகிவிடலாம். ஆயினும் புதிய ஓட்டுநர்களின் விபத்துகளை ஆராய்ந்தோர் அவர்களிடம் கண்ட பெருங்குறை கைகால்களைப் பற்றியதன்று. பார்வையையும் முன்னுணர்வையும் பற்றியதாகும்.

பல நாடுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட உண்மை ஒன்று உண்டு. அனுபவமுள்ள ஒருவர் அருகில் அமர்ந்திருக்கப் பழகும் காலத்தில் விபத்துகள் மிகக் குறைவு. உரிமம் பெற்றுத் தனியே ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களில் அவை திடீரென உயர்ந்து, பின்னர் படிப்படியாகத் தணிகின்றன. நேற்றுவரை விபத்தின்றி ஓட்டியவர் இன்று ஏன் விபத்துக்கு உள்ளாகிறார்? அவருடைய கைத்திறன் குறைந்துவிடவில்லை. நேற்றுவரை வண்டியில் இரண்டு ஜோடிக் கண்கள் இருந்தன; இன்று ஒரு ஜோடியே உள்ளது. சாலையைப் படிக்கும் வேலையில் பெரும்பகுதியை அருகிலிருந்தவரே செய்துவந்தார் என்பது அவர் இறங்கிய பின்னரே வெளிப்படுகிறது.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் உயிரிழந்தனர். இவற்றுக்குக் காரணங்கள் பல. எனினும் பழகும் காலத்தை நன்கு பயன்படுத்துவது நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ள ஒரு வழியாகும்.

சட்டம் வகுத்துள்ள எல்லை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் பழகுநருக்குரிய நெறிகளைக் கூறுகின்றன. பழகுநர் உரிமம் ஆறு மாத காலத்துக்குச் செல்லும். அதைப் பெற்று 30 நாட்கள் கழியுமுன் ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல இயலாது. ஓட்டுநர் உரிமம் உடைய ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும் இடத்தில் உடன் அமர்ந்திருத்தல் வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெண்ணிறப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்துப் பலகை இருத்தல் வேண்டும். அது 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையலாகாது. மோட்டார் சைக்கிளில் பழகுவோர், கற்பிப்பவரைத் தவிர வேறெவரையும் ஏற்றிச் செல்லலாகாது.

பயிற்சிப் பள்ளிகளில் சொந்த உபயோக வண்டிகளுக்கு 21 நாட்களும், அவற்றுள் குறைந்தது 10 மணி நேரம் ஓட்டும் பயிற்சியும் விதிக்கப்பட்டுள்ளன. 2021-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் இலகுரக வண்டிக்கான பாடம் 29 மணி நேரம். இதில் 21 மணி செய்முறையாகும். இவை அனைத்தும் கீழ் எல்லைகளே. 30 நாட்கள் என்பது காத்திருக்க வேண்டிய காலமேயன்றிக் கற்று முடிக்கும் காலமன்று.

பயிற்சி மணிகளின் பயன்

சுவீடன் நாட்டில் 1993-ஆம் ஆண்டு, மேற்பார்வையுடன் பழகத் தொடங்கும் வயதைப் பதினேழரையிலிருந்து 16 ஆகக் குறைத்தனர். உரிமம் பெறும் வயது 18 ஆகவே நீடித்தது. முன்கூட்டியே தொடங்கியவர்கள் சராசரியாக ஏறத்தாழ 118 மணி நேரம் பழகினர். மற்றவர்கள் பழகியது 50 மணிக்கும் குறைவு. உரிமம் பெற்ற பின் முதற்பிரிவினரின் விபத்து அபாயம் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு குறைவாக இருந்தது. முன்கூட்டியே பழக முன்வருவோர் இயல்பிலேயே பொறுப்பு மிக்கவராய் இருக்கக்கூடுமாதலால் இவ்வேறுபாடு முழுவதையும் பயிற்சியின் கணக்கில் சேர்த்தல் தகாது. எனினும் ஒரு பகுதி அதன் பயனே என ஆராய்ந்தோர் கருதினர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்குட்பட்ட பழகுநர் 120 மணி நேரம் மேற்பார்வையுடன் ஓட்டியதைப் பதிவு செய்தல் வேண்டும். இரவில் ஓட்டுவதும் இதில் அடங்கும்.

இத்தனை மணிகளில் மாறுவது யாது? அமெரிக்காவில் மூரன்ட், ராக்வெல் என்ற இரு ஆராய்ச்சியாளர் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுநர்களின் கண்ணசைவுகளைக் கருவிகொண்டு பதிவு செய்தனர். புதியவர்கள் வண்டிக்கு அண்மையிலுள்ள சாலைப் பரப்பையே அதிகம் நோக்கினர். கண்ணாடிகளைக் குறைவாகவே பார்த்தனர். அனுபவமுடையோர் பார்வை தொலைவில் சென்றது, அகலமாகவும் உலவியது.

தொலைவில் பார்ப்பதன் மதிப்பை எளிய கணக்கால் அறியலாம். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலும் செய்து காட்டலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் செல்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆகுமெனக் கொண்டால், அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். விநாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் தணியும் எனில், நிற்பதற்கு மேலும் 28 மீட்டர் வேண்டும். மொத்தம் 53 மீட்டர். வேகம் 30 கிலோமீட்டராயின் 20 மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். ஈரச் சாலையில் பிரேக்கின் பிடி பாதியாகுமானால் முதல் வண்டிக்கு 80 மீட்டருக்கு மேல் தேவைப்படும். பத்து மீட்டர் முன்னால் மட்டுமே பார்ப்பவரை எந்தப் பிரேக்கும் காப்பாற்றாது.

அருகிலிருப்பவர் செய்ய வேண்டுவன

அருகில் அமர்பவர் முதலில் சொல்ல வேண்டும். அடுத்து வினவ வேண்டும். இறுதியில் மௌனமாய் இருக்க வேண்டும்.

முதல் நிலையில், திறந்த மைதானத்திலும் வெறிச்சோடிய சாலையிலும், ஒவ்வொரு செயலையும் தெளிவாக, முன்கூட்டியே கூறுக. கைப்பிரேக் எட்டும் தொலைவில் உள்ளதா எனப் பார்த்துக்கொள்க. சில புதிய கார்களில் கைப்பிரேக்குக்குப் பதிலாகப் பொத்தான் உள்ளது; அது இயங்கும் முறையை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

இரண்டாம் நிலையில், "பிரேக் போடு" என்பதற்குப் பதிலாக, "முன்னே என்ன தெரிகிறது? அடுத்து என்ன நிகழலாம்?" என்று கேட்க. நின்றிருக்கும் பேருந்தின் மறைவிலிருந்து குழந்தை ஓடி வரலாம். உருண்டு வரும் பந்தின் பின்னே சிறுவன் வரலாம். ஒரு மாடு சாலையைக் கடந்தால் மற்றொன்று தொடரலாம். பழகுநர் தாம் காண்பவற்றை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது சிறந்த பயிற்சி. அவர் எதைப் பார்க்கவில்லை என்பது இதனால் உடனே புலப்படும்.

மூன்றாம் நிலையில், ஆபத்து நேர்ந்தாலன்றி வாய் திறத்தலாகாது. இறங்கிய பின்னரே குறைகளைக் கூறுக.

கிராமப்புறங்களில் பணிபுரியும் களப்பணியாளர்கள் அறிய வேண்டுவது இன்னொன்று. பகல் வெளிச்சத்தில், பழகிய சாலையில் மட்டும் ஓட்டியவர் பாதியே கற்றவராவார். பின்விளக்கின்றிச் செல்லும் டிராக்டர் வண்டி, சாலையில் உலர்த்திய தானியம், எதிர்வரும் விளக்கின் கூச்சம், மழைநீர் மறைத்த பள்ளம் ஆகியவற்றை அருகில் துணை இருக்கும்போதே சந்தித்தல் நன்று. ஒவ்வொரு நாளும் ஓட்டிய நேரம், சாலை, வானிலை, திருத்த வேண்டிய ஒரு குறை ஆகியவற்றைச் சிறு குறிப்பேட்டில் எழுதிவந்தால், எந்தச் சூழ்நிலையில் பயிற்சி போதவில்லை என்பது தெரியவரும்.

தேர்வுக்கு எப்போது செல்வது என்பதை நாட்காட்டி மட்டும் முடிவு செய்தல் ஆகாது. கடைத்தெருவிலும், இரவிலும், மழையிலும் பல முறை ஓட்டியும் அருகிலிருப்பவர் ஒரு சொல்லும் கூற நேராத நிலை வந்ததா என்று பார்க்க வேண்டும். அந்நிலை வரும்வரை ஆறு மாத காலத்தையும் பயன்படுத்திக்கொள்வதால் இழப்பு ஏதுமில்லை.