பாங்கி வாசலில் ஒரு பாதாள ஸ்டேஷன்

லண்டன் மாநகரின் நடுவே "ஸிட்டி" என்று ஒரு பகுதி உண்டு. விஸ்தீரணத்தில் ஒரு சதுர மைலுக்குச் சற்றே அதிகம். இங்கிலாந்து பாங்கியும், ராயல் எக்ஸ்சேஞ்சு மண்டபமும், அந்நகர மேயரின் மாளிகையும் அங்கே ஒரே சந்திப்பில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இரவில் அங்கே வசிப்போர் சொற்பம். பொழுது விடிந்தாலோ, நாலா திசைகளிலிருந்தும் உத்தியோகஸ்தர்கள் வெள்ளம்போல் வந்து புகுவார்கள். மாலையில் அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பவேண்டும்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ரயில் மிகவும் அவசியம். ஆனால், இப்படிப்பட்ட இடத்தில்தான் ஸ்டேஷன் கட்ட ஒரு சாண் பூமியும் அகப்படாது. இந்தச் சிக்கலை லண்டன்காரர்கள் எவ்வாறு அவிழ்த்தார்கள் என்பது, நகர வாழ்வில் அக்கறையுள்ள எவரும் அறியவேண்டிய கதை.

மேலே இடமில்லாவிட்டால் கீழே போகலாம் என்று எண்ணினார்கள். 1890-ம் வருஷத்தில் ஒரு கம்பெனியார், தேம்ஸ் நதிக்கு அடியில் குகை குடைந்து, ஸிட்டியின் ஓரத்திலிருந்த கிங் வில்லியம் தெரு வரையில் மின்சார ரயில் விட்டார்கள். ஆழ்ந்த குகையில் மின்சாரத்தால் ஓடிய முதல் ரயில் உலகிலேயே இதுதான். வண்டிகளில் ஜன்னல் என்று சொல்லத் தக்கது ஒன்றுமில்லை. பூமிக்குள்ளே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பது கம்பெனியாரின் வாதம். ஜனங்களோ அந்த வண்டிகளுக்கு "மெத்தை வைத்த சிறை" என்று பெயரிட்டார்கள்.

ஆரம்பத்தில், இரும்பு வடம் கட்டி வண்டிகளை இழுப்பதாகவே உத்தேசம். அதற்கேற்றபடி கிங் வில்லியம் தெரு ஸ்டேஷனுக்கு வரும் பாதையைச் செங்குத்தான ஏற்றமாகவும், திடீர் வளைவாகவும் அமைத்துவிட்டார்கள். பிறகு மனம் மாறி மின்சார எஞ்சின் வாங்கினார்கள். எஞ்சின் சில சமயம் அந்த ஏற்றத்தில் ஏறமாட்டாமல் பின்னுக்கு வழுக்கிவந்து, மறுபடியும் முயலவேண்டியதாயிற்று. ஸ்டேஷனும் கூட்டத்துக்குப் போதவில்லை. 1900-ம் வருஷத்திலேயே அதை மூடினார்கள். அத்தனை பொருட்செலவில் கட்டிய ஸ்டேஷனுக்கு ஆயுள் பத்தே வருஷம்!

அதே கம்பெனியார் அடுத்தபடியாகப் பாங்கிக்கு அருகிலேயே புது ஸ்டேஷன் அமைக்க முனைந்தார்கள். ஹாக்ஸ்மூர் என்ற சிற்பி கட்டிய பழைய மாதாகோவில் ஒன்று அங்கே இருந்தது. அதை இடித்துவிட அவர்களுக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. ஆனால் பொதுஜனங்கள் சும்மா இருக்கவில்லை. பெரிய ஆக்ஷேபம் கிளம்பியது. முடிவில், கோவிலைத் தொடாமல் அதன் அடிநிலத்தை மட்டும் உபயோகிப்பதென்று கம்பெனியார் இசைந்தார்கள். நிலவறையில் அடக்கமாகியிருந்த எலும்புகளை வேறிடத்தில் மறு அடக்கம் செய்தார்கள். சுவர்களையும் தூண்களையும் எஃகு உத்தரங்கள் தாங்க, கோவிலின் தரைக்கு நேர் கீழே லிப்டுகளுக்கான கிணறுகளைத் தோண்டினார்கள். மேலே ஒரு விரிசல்கூட விழவில்லை. இடிப்பதுதான் வழி என்று சொன்னவர்களே இடிக்காமல் செய்து காட்டினார்கள். ஜனங்கள் வாய் திறந்ததன் பலன் அது.

அதே 1900-ம் வருஷத்தில் வேறொரு கம்பெனியும் அந்தச் சந்திப்புக்கு வந்து சேர்ந்தது. பிறர் மனைக்கு அடியில் குடைந்தால் சொந்தக்காரருக்குப் பணம் கொடுக்கவேண்டும். பொதுத் தெருவுக்கு அடியில் குடைந்தால் அந்தச் செலவு இல்லை. ஆகவே தெருவையொட்டியே குகையை அமைத்தார்கள். தெரு வளைந்த இடத்தில் குகையும் வளைந்தது, ஸ்டேஷனும் வளைந்தது. அன்று மிச்சம் பிடித்த பணத்துக்கு இன்றும் பிரயாணிகள் வட்டி கட்டுகிறார்கள்: வளைந்த மேடைக்கும் நேரான வண்டிக்கும் இடையே விழும் இடைவெளியை ஒவ்வொரு முறையும் கவனமாகத் தாண்டுகிறார்கள். ஆனால் ஒரு நல்ல காரியமும் நடந்தது. டிக்கட் மண்டபத்தைச் சந்திப்புக்கு அடியில் அமைக்க அனுமதித்த நகரசபையார், தெருவைக் கடக்கும் பாதசாரிகளுக்கும் சுரங்கப் பாதைகள் கட்டித் தரவேண்டுமென்று நிபந்தனை விதித்தார்கள். பொதுச்சொத்தைக் கொடுக்கும்போது பொதுநன்மையைக் கேட்டு வாங்குவதல்லவா நிர்வாகம்!

1941 ஜனவரியில் யுத்த விமானத்தின் குண்டொன்று அந்த மண்டபத்தின்மீது விழுந்தது. சாலை இடிந்து உள்ளே சரிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பள்ளத்தின்மேல் தற்காலிகப் பாலம் போட்டுப் போக்குவரத்தை நடத்தினார்கள்.

பிறகும் ஸ்டேஷன் வளர்ந்துகொண்டே போயிற்று. 1933-ல் பக்கத்து ஸ்டேஷனோடு ஏற்கெனவே ஓர் இணைப்பு ஏற்பட்டிருந்தது. 1991-ல் வேறொரு ரயில் வந்தது. முழுமையான திட்டமின்றி ஒன்றோடொன்று ஒட்டவைத்தபடியால், அது படிகளும் சந்துகளும் நிறைந்த சக்கரவியூகம் ஆகிவிட்டது. உள்ளே புகுவது எளிது; வெளிவரத்தான் அபிமன்யுவைப்போல் திண்டாடவேண்டும்.

கடைசியில், சுமார் 70 கோடி பவுன் செலவில் பெரிய திருத்தம் செய்தார்கள். தென்திசை வண்டிகளுக்குப் புதுக் குகை தோண்டினார்கள். பழைய குகையை ஜனங்கள் தாராளமாக நடக்கும் கூடமாக மாற்றினார்கள். அதற்காக 2022-ல் 17 வாரங்கள் அந்தப் பாதையையே மூடவேண்டியிருந்தது. பன்னிரண்டு புது நகரும் படிக்கட்டுகளும், சுமார் 100 கஜ நீளமுள்ள நகரும் நடைபாதைகளும் அமைந்தன. 2023-ல் புது வாசலும் திறக்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு ஸ்டேஷனின் கொள்ளளவு நூற்றுக்கு நாற்பது பங்கு உயர்ந்தது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. அத்தனை பணத்தில் பெரும்பங்கு வண்டிக்காக அல்ல, மனிதர்கள் நடப்பதற்காகவே செலவாயிற்று. ஸ்டேஷன் என்பது வண்டி நிற்கும் இடம் என்றே முன்னோர்கள் நினைத்தார்கள். வண்டி அரை நிமிஷம் நின்று போய்விடும். ஜனங்களோ இறங்கி, ஏறி, வழி தேடி, வெளியே வந்தாகவேண்டும். வர்த்தக ஸ்தலத்தில் ஸ்டேஷன் வகுப்பவர்கள் முதலில் எண்ணவேண்டியது காலடிகளை, பிறகுதான் தண்டவாளத்தை. அந்த எண்ணம் வருவதற்கு லண்டன் மாநகருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அதன் செலவில் மற்ற நகரங்கள் இலவசமாகப் பாடம் படித்துக்கொள்ளலாம்.