பழைய வாட்சுக்கும் பில் கேளுங்கள்

பழைய கைக்கடிகாரம் சேர்ப்பவர்கள் கூடுவதற்கு மேடையும் வேண்டாம், அழைப்பிதழும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏதாவது ஓட்டலில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, மேலே ஒரு துணியை விரித்தால் போதும். ஒருவர் எச்.எம்.டி. ஜனதாவை எடுத்து வைப்பார். இன்னொருவர் தாத்தா கட்டிய வெஸ்ட் எண்டைக் கொண்டு வந்திருப்பார். சாவி கொடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டாவது காபிக்குள் யாராவது, "இதைக் கொடுக்கிற ஐடியா இருக்கா சார்?" என்று கேட்டுவிடுவார். ஃபோனில் பணம் போகும், வாட்ச் கை மாறும். என்ன வாங்கினோம், என்ன சொல்லி விற்றார்கள் என்பதற்கு ஒரு வரி எழுத்து இருக்காது. நட்பாகப் பழகும் இடத்தில் ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம்தான் காரணம். பின்னால் தகராறு வந்தால் அந்தக் கூச்சத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

ஏமாற்று அதிகம் நடப்பது டயலில். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. புதிதாக வராது என்றதும் பழையதற்கு மவுசு கூடியது. மங்கிய டயலைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்து, வேறு வாட்சின் முள்ளையும் இன்னொன்றின் மெஷினையும் பொருத்தி விற்கும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. சேகரிப்பாளர்கள் இதை 'மும்பை ஸ்பெஷல்' என்பார்கள். அதைத் தெரிந்தே குறைந்த விலைக்கு வாங்கிக் கட்டினால் ஒரு தப்பும் இல்லை. 'எல்லாமே ஒரிஜினல்' என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

பூதக்கண்ணாடியில் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகளின் இடைவெளி ஒரே சீராக இருக்காது, நொடி முள் தன் வட்டத்தை எட்டாமல் நிற்கும். மீதிப் பாதி பின்மூடியைத் திறந்தால்தான் தெரியும். மெஷினில் பொறித்த பெயரும் டயலில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திறந்து காட்டத் தயங்குபவரிடம் விலை பேசாதீர்கள்.

ஆனால் எல்லா வாட்சையும் மேசையிலேயே திறந்துவிடக் கூடாது. 1960கள் வரை வந்த பல வெளிநாட்டு வாட்சுகளில், ராணுவ வாட்சுகளில் குறிப்பாக, இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சு இருக்கும். ஒளிர்வு செத்துப் பல வருடம் ஆகியிருந்தாலும் கதிர்வீச்சு போகாது. ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடி மூடிய நிலையில் எப்போதாவது கட்டுவதில் ஆபத்து குறைவு. உதிர்ந்த தூளை மூச்சில் இழுப்பதும், விரலில் ஒட்டியதைத் தின்பதோடு விழுங்குவதும்தான் விபரீதம். அமெரிக்காவில் தூரிகை முனையை உதட்டில் கூராக்கி டயலுக்கு ரேடியம் பூசிய பெண் தொழிலாளர்கள் பலர் நூறு வருடத்துக்கு முன் தாடை எலும்பு அரித்துச் செத்தார்கள். பழுப்பேறிய ஒளிர்பூச்சு உள்ள வாட்சை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் திறக்காதீர்கள், வீட்டில் பூச்சைச் சுரண்டாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது முதலிலேயே சொல்லிவிடுங்கள். டயலின் அடியில் 'டி' என்ற ஆங்கில எழுத்து அச்சிட்டிருந்தால் அது டிரிட்டியம். ரேடியத்தைவிடத் தீங்கு குறைந்தது.

இனி சட்டம். விற்றவர் யார் என்பதைப் பொறுத்தே உங்கள் வழி அமையும். கடை வைத்திருப்பவரோ, தொழிலாகவே வாங்கி விற்பவரோ என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். பழைய பொருள் என்பதால் உரிமை போய்விடாது. பில் தர மறுப்பதே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் கொடுக்க மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்துவிட்டால் கடைக்காரர் தப்பிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது.

மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்களைப் போன்ற சேகரிப்பாளர்தான் என்றால் நுகர்வோர் ஆணையம் கைகொடுப்பது கடினம். அங்கே பேசுவது 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம். விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது அது. ஒத்துப்போகாவிட்டால் சிவில் வழக்கு. தெரிந்தே பொய் சொன்னார் என்று காட்ட முடிந்தால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்கலாம், பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். எல்லாமே அவர் சொன்ன 'விவரம்' என்ன என்பதில் வந்து நிற்கும். ஆகவே பணம் அனுப்புமுன் வாட்ஸ்அப்பில் நான்கு வரி கேட்டு வாங்குங்கள்: மாடல், டயல் ஒரிஜினலா, மாற்றிய பாகம் எது, விலை. கூடவே மெஷினின் படம். நேர்மையான விற்பனையாளர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

அந்த நான்கு வரியோடு, வாட்ச் அவருக்கு எப்படி வந்தது என்பதையும் கேளுங்கள். திருட்டுப் பொருளை நல்லெண்ணத்தோடு, முழு விலை கொடுத்து வாங்கினாலும் பொதுவாக அது உங்களுடையது ஆகாது. உரியவர் வந்தால் கொடுத்துவிட்டு, விற்றவரிடம்தான் பணத்தைக் கேட்க முடியும். திருட்டு என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் அதே நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு உங்கள் மேலேயே பாயும். அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவான அப்பாவின் வாட்சை ஒருவர் மட்டும் விற்றுவிட்டு, பிறகு குடும்பமே வந்து நிற்கும் வம்பும் இதே வகைதான்.

"கொஞ்சம் பார்க்கலாமா?" என்று வாங்கியவர் கீழே போட்டுவிட்டால்? அடுத்தவர் பொருளைத் தன் பொருளைப் போலப் பொறுப்பாகக் கையாளும் கடமை, ஒப்பந்தச் சட்டப்படி வாங்கிப் பார்ப்பவருக்கு உண்டு. அசட்டையால் உடைந்தால் ஈடு கேட்கலாம். பழுது பார்க்கும் கடைக்கும் இதே கடமை. அங்கே கொடுக்குமுன் உள்மெஷினைப் படம் எடுத்து, சீட்டில் மாடலை எழுதச் சொல்லுங்கள். நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு மட்டமானதைப் போடுவது கேள்விப்படாத கதை அல்ல. வேலை செய்ததற்குக் கூலி தராதவரை வாட்சைப் பிடித்து வைக்கக் கடைக்காரருக்கும் உரிமை இருக்கிறது.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால் முதலில் விற்றவரிடம் பணத்தை எழுத்தில் திரும்பக் கேளுங்கள். ஆன்லைன் தளம் என்றால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆள் மறைந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தடுக்க வாய்ப்பு உண்டு. காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். வணிகரோடு தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915; அதிலும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும், மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். லாபத்துக்கு விற்கவே வாங்கினேன் என்று உங்கள் பழைய மெசேஜ்களே சொன்னால், நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும்; அந்த வாதம் பெரும்பாலும் எடுபடும்.