தேர்தல் அறக்கட்டளை

தேர்தல் அறக்கட்டளை என்பது நிறுவனங்களிடமிருந்தும் தனியாட்களிடமிருந்தும் நன்கொடை திரட்டி, அதனை அரசியல் கட்சிகளுக்குப் பகிர்ந்தளிப்பதற்காக இந்தியாவில் அமைக்கப்படும் இலாப நோக்கற்ற நிறுவனம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் அரசியல் செயற்பாட்டுக் குழுக்களுடன் இது ஒப்பிடப்படுவதுண்டு. அக்குழுக்கள் வேட்பாளர்களுக்கே நேரடியாக நிதி வழங்கலாம். இந்திய அறக்கட்டளைகளோ பதிவுபெற்ற கட்சிகளுக்கு மட்டுமே வழங்க இயலும்.

பின்னணி

இந்தியாவில் வேட்பாளரின் செலவுக்கு வரம்பு உண்டு. 2024 பொதுத் தேர்தலில் சிதம்பரம், கடலூர் போன்ற மக்களவைத் தொகுதிகளில் ஒரு வேட்பாளருக்கான வரம்பு 95 இலட்சம் ரூபாய் ஆகும். ஆனால் கட்சியின் பொதுப் பரப்புரைச் செலவுக்கு வரம்பு இல்லை. எனவே கட்சிகள் பெருநிதியை நாடுகின்றன. அதனைத் தரவல்லவர்கள் பெரும்பாலும் அரசின் முடிவுகளால் இலாபமோ நட்டமோ அடையக்கூடிய தொழில் நிறுவனங்களே.

நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை வழங்குவது 1969 இல் தடை செய்யப்பட்டு, 1985 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. டாட்டா குழுமம் 1996 இல் இதற்கெனத் தனி அறக்கட்டளை ஒன்றை நிறுவியது. நடுவண் அரசு 2013 இல் தேர்தல் அறக்கட்டளைத் திட்டத்தை அறிவித்தது.

விதிகள்

2013 ஆம் ஆண்டுத் திட்டத்தின் முக்கிய விதிகள்:

• ஒரு நிதியாண்டில் பெறும் நன்கொடையில் குறைந்தது 95 விழுக்காட்டை அவ்வாண்டிலேயே கட்சிகளுக்கு வழங்க வேண்டும்.
• ரொக்கமாக நன்கொடை பெறலாகாது.
• வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து நன்கொடை பெறலாகாது.
• வரவையும் வழங்கலையும் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும்.

தேர்தல் பத்திரங்கள்

2018 இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரங்கள் அறக்கட்டளைகளுக்கு மாற்று வழியாக அமைந்தன. பாரத ஸ்டேட் வங்கி மட்டுமே விற்ற இப்பத்திரங்களில் வழங்குபவரின் பெயர் இராது. நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 7.5 விழுக்காடு வரையே வழங்கலாம் என்னும் வரம்பும் 2017 இல் நீக்கப்பட்டிருந்தது. 2024 பெப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இத்திட்டத்தையும் வரம்பு நீக்கத்தையும் செல்லாதவை என அறிவித்தது. கட்சிக்கு யார் நிதி தருகிறார் என்பதை அறிவது வாக்காளரின் உரிமை என்பது தீர்ப்பின் சாரம் ஆகும்.

அடுத்த மாதம் வெளியான விவரங்களின்படி, மிகுதியாகப் பெற்ற கட்சி பாரதிய சனதா கட்சி (2019 ஏப்ரல் முதல் ஏறத்தாழ 6,060 கோடி ரூபாய்). மிகுதியாக வாங்கிய நிறுவனம் கோயம்புத்தூரைச் சேர்ந்த பியூச்சர் கேமிங் என்னும் பரிசுச்சீட்டு நிறுவனம் (1,368 கோடி). திராவிட முன்னேற்றக் கழகம் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி இந்நிறுவனத்தினுடையது. தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு விற்பனை 2003 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

திறனாய்வு

அறக்கட்டளையின் அறிக்கையில் நன்கொடையாளர் பட்டியலும் பெற்ற கட்சிகளின் பட்டியலும் தனித்தனியே இடம்பெறும். பலர் தந்த பணம் ஒன்றாகச் சேர்வதால், எந்நிறுவனத்தின் பணம் எக்கட்சியைச் சென்றடைந்தது என்பதை அறிவது கடினம். ஆதலால் பத்திரங்களை விட அறக்கட்டளைகள் வெளிப்படையானவை எனினும், சலுகைக்கும் நன்கொடைக்கும் தொடர்பு உண்டா என்னும் கேள்விக்கு அவற்றின் அறிக்கைகள் மட்டும் விடை தருவதில்லை.

இவற்றையும் பார்க்க

• இந்தியத் தேர்தல் ஆணையம்
• அழுத்தக் குழு
• தகவல் அறியும் உரிமைச் சட்டம்