பிள்ளை கேம் உருவாக்கக் கேட்கிறது: சந்தா கட்ட வேண்டுமா?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதி வீடுகளில் இப்போதெல்லாம் ஒரு புதுக் கோரிக்கை எழுகிறது. நேற்று வரை கேம் விளையாடிக் கொண்டிருந்த மகனோ மகளோ, "நானே ஒரு கேம் செய்யப் போகிறேன், அதற்கு ஒரு சாஃப்ட்வேர் வேண்டும், மாதம் பத்து டாலர்தான்" என்று வந்து நிற்கிறார்கள். விளையாடுவதைவிட உருவாக்குவது மேல் என்பதால் மறுக்க மனம் வராது. ஆனாலும் கார்டை எடுப்பதற்கு முன் பெற்றோர் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் ஆறு மாதத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யத் தேவையில்லை. ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு ஸ்கிராட்ச் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007-இல் வெளிவந்தது, முழுக்க இலவசம். வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்துவதுபோல் கட்டளைகளை அடுக்கினால் பொம்மை நடக்கும், பந்து துள்ளும். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு ஜிடெவலப் இருக்கிறது. "இது நடந்தால் அது நடக்கட்டும்" என்ற முறையில், நிரல் எழுதாமலே கேம் செய்யலாம். மென்பொருள் இலவசம், அவர்கள் சந்தா கேட்பது இணையம் வழியாகத் தரும் கூடுதல் வசதிகளுக்குத்தான். பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்து பைத்தான் படிக்கும் பிள்ளை என்றால் நேராகக் கோடோவுக்குப் போகலாம். அதன் மொழி ஏறக்குறைய பைத்தான் போலவே இருக்கும். 2014 முதல் திறந்த மூல மென்பொருளாகக் கிடைக்கிறது. கட்டணமும் இல்லை, பங்கும் கேட்பதில்லை.

வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரையும் பார்க்க வேண்டும். அக்காவுக்கோ அண்ணனுக்கோ பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்தான் பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. யூனிட்டி போன்ற பெரிய மென்பொருள் பல ஜி.பி. இடம் கேட்கும், அந்த லேப்டாப்பில் திணறும். ஸ்கிராட்ச் பிரவுசரிலேயே ஓடிவிடும். மென்பொருளுக்காகப் புது லேப்டாப் வாங்கும் யோசனையை ஓர் ஆண்டு தள்ளிப் போடலாம் என்பது என் கருத்து.

இனி சந்தா. கன்ஸ்ட்ரக்ட் என்ற மென்பொருளின் இரண்டாம் பதிப்பு, ஒருமுறை பணம் கொடுத்து வாங்கினால் நம்முடையதாக இருந்தது. 2017-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அது ஆண்டுச் சந்தாவாக மாறியது. பழைய பயனாளர்கள் பலர் கோபப்பட்டார்கள். நல்ல மென்பொருள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் சந்தா நின்றால் இலவசப் பதிப்பின் வரம்புக்குத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டி வளர்ந்த கேமைத் திருத்த வழியில்லை. பிள்ளையின் உழைப்பு வாடகை வீட்டில் வைத்த சாமான் மாதிரி ஆகிவிடுகிறது. கேம்மேக்கர் எதிர்த்திசையில் வந்தது. 2021-இல் சந்தாவுக்கு மாறி, 2023 நவம்பரில் அதைத் தளர்த்தி, காசு பார்க்காமல் பழகுவோருக்கு இலவசம், விற்பனைக்கு ஒருமுறைக் கட்டணம் என்று ஆக்கிவிட்டது.

விதிகள் நடுவில் மாறும் என்பதற்கு யூனிட்டியே சாட்சி. கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் கதையாக்கி, 2024-இல் பாஃப்டா விருது பெற்ற 'வெண்பா' கேமும் அதில் செய்ததுதான். அந்த நிறுவனம் 2023 செப்டம்பரில், கேமை ஒருவர் நிறுவும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் வசூலிக்கப் போவதாக அறிவித்தது. உலகம் முழுவதும் எதிர்ப்பு கிளம்பி, ஓராண்டு கழித்துத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஒரு வரம்புக்குக் கீழ் வருமானம் உள்ளவர்களுக்கு அது இலவசம் என்பதால் பழகும் பிள்ளைக்குப் பாதிப்பு ஒன்றுமில்லை.

டாலர் கணக்கை ரூபாயில் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 99 டாலர் என்று போட்டிருக்கிறது. டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 8,415. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 9,930 ஆகிறது. வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று வங்கி மூன்றரை சதவீதம் பிடித்தால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். "ஆண்டாகக் கட்டினால் தள்ளுபடி" என்ற ஆசை வார்த்தைக்கு மயங்க வேண்டாம். ஆர்வம் கோடை விடுமுறையோடு தீர்ந்துவிடுமா என்று தெரியாத நிலையில், மாதச் சந்தா விலை கூடுதலாகத் தெரிந்தாலும் அதுவே லாபம்.

"ஏழு நாள் இலவசம்" என்று சொல்லிக் கார்டு எண் கேட்பவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். எட்டாம் நாள் பணம் போகத் தொடங்கும். போனிலிருந்து ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது, பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதிக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கொண்டுவந்த விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும், அப்போதே மறுக்கவும் வழி தர வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ். வங்கிக் கணக்கில் பதிந்த எண்ணுக்கு வரும். அந்த எண் வளைகுடாவில் வேலை பார்க்கும் தந்தையுடையதாக இருந்து, சிம் இங்கே மேசை டிராயரில் கிடந்தால் யார் பார்ப்பது? எண்ணை முதலில் சரிசெய்யுங்கள். வட்டிக்கு அஞ்சிக் கடன் அட்டையே வைத்துக்கொள்ளாத குடும்பங்கள் நம்மில் நிறைய. டெபிட் கார்டில் கட்டுவோர் அதற்கெனச் சிறு தொகை மட்டும் வைத்த தனிக் கணக்கைப் பயன்படுத்தலாம்.

செய்து முடித்த கேமை உறவினருக்குக் காட்ட இட்ச் ஐஓ தளத்தில் இலவசமாக ஏற்றி, வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பினால் போதும். பிளே ஸ்டோரில்தான் வர வேண்டும் என்றால் ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். 18 வயது நிரம்பியவர் பெயரில்தான் கணக்குத் திறக்க முடியும். புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குவோர், கேமைக் குறைந்தது 12 பேரிடம் தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. மாமா, மச்சான், பெரியம்மா பிள்ளைகள் என்று எண்ணினால் நம் வீடுகளில் பன்னிரண்டு பேருக்கு அலைய வேண்டியிருக்காது.